ஆய்வு நாள் போஸ்டர்: நடுவர்கள் எங்கே கை வைப்பார்கள்?

பல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு நாள் நெருங்கினால் பேச்சு முழுக்க போஸ்டரின் நிறம், எழுத்துரு என்றே ஓடும். நடுவர்கள் கேட்பதோ பல மாதங்களுக்கு முன் நடந்ததை: பல்லை எதில் போட்டு வைத்தீர்கள், எவ்வளவு காலம், உடைந்த பரப்பைப் பார்த்தீர்களா? மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் பாண்டிங் வலிமை ஆய்வை (பிடுங்கிய பல்லில் காம்போசிட் என்னும் பல் நிற நிரப்புப் பொருளை ஒட்டி, உடைத்து, எவ்வளவு உறுதியாக ஒட்டியது என்று அளப்பது) வைத்தே சொல்கிறோம்.

நெறிமுறைக் குழு அனுமதிதான் முதல் வேலை. பிடுங்கிய பல்தானே, பெயர் கூட இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். விலக்கு உண்டு என்றாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தின் தேதி, பல் சேகரிக்கத் தொடங்கிய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பின்னால் வாங்கி ஒட்ட முடியாது.

பல்லை உடனே கழுவி, ஒட்டிய திசுவைச் சுரண்டி எடுத்து, 0.5 சதவீத குளோரமின்-டி என்னும் கிருமிநாசினிக் கரைசலில் அதிகபட்சம் ஒரு வாரம் வைக்கலாம். பிறகு காய்ச்சி வடித்த நீரில், 4 டிகிரி செல்சியஸில். பல்லில் ஒட்டும் வலிமைச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 11405 காட்டும் வழி இது. ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். அதற்கு மேல் டென்டினின் (எனாமலுக்கு அடியிலுள்ள பல் திசு) புரதம் சிதையக்கூடும். ஃபார்மலின் வேண்டாம். அது டென்டினின் முக்கியப் புரதமான கொலாஜனைக் குறுக்கே பிணைத்துவிடும், டென்டினில் ஒட்டும் வலிமையின் அளவீடு நம்பத்தக்கதாக இராது. எந்தக் கட்டத்திலும் பல் உலரக் கூடாது. டப்பாவின் மேல் பிடுங்கிய தேதி, கரைசல் மாற்றிய தேதி இரண்டையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் மை ஈரத்தில் கரைந்து ஓடிவிடும்.

வலிமை என்பது உடைத்த விசையை ஒட்டிய பரப்பால் வகுத்தது. சறுக்குவது பரப்பில்தான். 2.38 மில்லிமீட்டர் விட்டமுள்ள காம்போசிட் உருளைக்குப் பரப்பு 4.45 சதுர மில்லிமீட்டர். 89 நியூட்டனில் உடைந்தால் 20 மெகாபாஸ்கல் (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்). அதே உருளையின் விளிம்பில் பாண்டிங் திரவம் கசிந்து படர்ந்திருந்தால் உண்மையில் ஒட்டிய பரப்பு பெரிது. கணக்கில் 4.45 என்றே போட்டால் வலிமை கூடுதலாகத் தெரியும். ஒளி பாய்ச்சி இறுக்கும் முன் விளிம்பைப் பார்த்துவிடுங்கள்.

உடைந்த பிறகு மாதிரிகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் பார்த்து, ஒட்டிய இடத்திலேயே பிரிந்ததா, பல்லோ காம்போசிட்டோ உள்ளே உடைந்ததா, இரண்டும் கலந்ததா என்று அட்டவணையில் குறியுங்கள். பெரும்பாலானவை டென்டினுக்குள்ளேயே உடைந்திருந்தால் நீங்கள் அளந்தது ஒட்டும் வலிமையே அல்ல. இந்த அட்டவணை இல்லாத போஸ்டர் எங்கள் கண்ணில் அரைகுறைதான். இயன்றால் இருவர் தனித்தனியே பார்த்து, கருத்தொற்றுமையைக் கப்பா என்னும் புள்ளியியல் அளவாகக் கொடுங்கள்.

சோதனைக்கு முன்பே உடைந்த மாதிரிகள் இருந்தால் எத்தனை என்று போடுங்கள். அவற்றை மறைத்தால் சராசரி பொய்யாக உயரும்.

போஸ்டர் பெரும்பாலும் ஏ0 அளவு, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர். நெடுக்கா குறுக்கா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். உரை எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். வரைபடத்தின் மீசைக்கோடு (சராசரிக்கு மேலும் கீழும் நீளும் கோடு) திட்டவிலக்கமா (மாதிரிகளின் பரவல்) திட்டப்பிழையா (சராசரியின் துல்லியம்) என்று எழுதுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் அளவுகோல் கோடு வேண்டும். வெட்டி ஒட்டும்போது முதலில் காணாமல் போவது அதுதான். எக்ஸ்ரே சேர்த்தால் மூலையில் நோயாளியின் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒப்பிட்ட மாதிரிக் குழுக்களுக்கிடையே வேறுபாடு வரவில்லை என்றால் வெட்கப்பட எதுவுமில்லை, அதுவும் கண்டுபிடிப்பே. ஆனால் "இரண்டும் சமம்" என்று எழுதாதீர்கள். மாதிரி எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அப்படி வரலாம். சராசரி வித்தியாசத்தையும் அதன் 95 சதவீத நம்பக இடைவெளியையும் (உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு) கொடுத்து, எண்ணிக்கையை எந்தக் கணக்கில் முடிவு செய்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். நடுவர் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.