ஏர்பேக் விளக்கு எரிந்தால் எங்கிருந்து தேடுவது?

வண்டி நன்றாக ஓடுகிறது, பிக்கப் இருக்கிறது, பிரேக் பிடிக்கிறது, ஏசி குளிர்கிறது. டேஷ்போர்டில் மட்டும், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு முன்னால் ஒரு வட்டம் இருக்கிற அந்தப் படம் எரிந்துகொண்டே இருக்கிறது. ஓட்டுவதில் எந்த வித்தியாசமும் தெரியாததால் அதை அப்படியே விட்டுவிட்டு மாதக்கணக்கில் குடும்பத்தோடு பயணம் செய்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். அந்த விளக்கு எரிந்தால், தன் மின்சுற்றுகளில் ஏதோ ஒன்றை நம்ப முடியவில்லை என்று ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோல் யூனிட் முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம். சில வண்டிகளில் அந்த ஒரு சுற்று மட்டும் வேலை செய்யாது, சிலவற்றில் மொத்த ஏர்பேக் அமைப்பும் ஒதுங்கிக்கொள்ளும். அது எந்த வகை என்பதை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நான் வாகன எலெக்ட்ரிக்கல் வேலை செய்பவன். இந்த விளக்கோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் கெட்டுப்போயிருப்பதில்லை, கண்ட்ரோல் யூனிட்டும் கெட்டுப்போயிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வயர், கனெக்டர், ஸ்டியரிங்குக்குள் சுற்றியிருக்கும் கேபிள், இவற்றில்தான் கோளாறு இருக்கும். ஆனால் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் "ஓட்டுநர் ஏர்பேக்" என்று வந்தவுடன் ஓட்டுநர் ஏர்பேக்கையே மாற்றிவிடுகிறார்கள். விளக்கு அணையாவிட்டால் அடுத்து கண்ட்ரோல் யூனிட்டையும் மாற்றுகிறார்கள். வண்டிக்காரர் இரண்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு அதே விளக்கோடு திரும்பிப் போகிறார். இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

முதலில் அந்தச் சுற்று எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஏர்பேக்கின் உள்ளே ஸ்குவிப் என்று ஒரு சின்னத் தீமூட்டி இருக்கிறது. மெல்லிய கம்பி, அதைச் சுற்றிக் கொஞ்சம் வெடிமருந்து, அவ்வளவுதான். சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனரிலும் பெரும்பாலும் இதேதான். அந்தக் கம்பியின் மின்தடை சுமார் 2 ஓம். இக்னிஷன் ஆன் ஆன நொடியிலிருந்து கண்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு ஸ்குவிப் வழியாகவும் வெடிக்க வைக்காத அளவுக்கு மிகச் சிறிய மின்னோட்டம் அனுப்பி, தடை எவ்வளவு என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். தடை கூடினால் ஒரு கோட் (கோளாறு எண்), குறைந்தால் ஒரு கோட், வயர் பாடியில் பட்டால் ஒன்று, பேட்டரி பாசிட்டிவில் பட்டால் இன்னொன்று. ஒரு ஹார்ன் ரிலே சுற்றில் இரண்டு ஓம் கூடினால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது, ஹார்ன் வழக்கம் போல அடிக்கும். இங்கே மொத்தமே இரண்டு ஓம் என்பதால், கனெக்டர் பின்னில் பச்சையாகக் கொஞ்சம் பூத்திருந்தாலே தடை இரட்டிப்பாகி விளக்கு எரிந்துவிடும். அதனால் பி0001 (B0001) என்று வந்தால் அது ஓட்டுநர் பக்க முதல் கட்டச் சுற்றைக் குறிக்கிறது. கண்ட்ரோல் யூனிட் பின்னில் கிளம்பி ஸ்குவிப் வரை போய்த் திரும்பி வரும் முழு வழியும் அதில் அடக்கம். கோளாறு அந்த வழியில் எங்கே என்று கோட் சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

கை வைக்கும் முன் சில விஷயங்கள். இவற்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அது திரும்பத் தொடாதபடி ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது மேனுவலில் இருக்கும், ஒரு நிமிடம் போதும் என்று சொல்லும் வண்டியும் உண்டு, பத்து நிமிடம் கேட்கும் வண்டியும் உண்டு. மோதலில் பேட்டரி கேபிள் அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காகக் கண்ட்ரோல் யூனிட்டுக்குள் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும், அது வடிய வேண்டும். கழற்றிய ஏர்பேக்கைத் தூக்கிப் போகும்போது விரியும் பக்கம் உடம்புக்கு எதிர்த் திசையில் இருக்கட்டும், மேசையில் வைத்தால் விரியும் பக்கம் மேலே பார்க்கட்டும், அதன் மேல் எதையும் வைக்காதீர்கள்.

ஸ்குவிப்பில் மீட்டர் வைக்கக் கூடாது. நல்ல டிஜிட்டல் மீட்டர் ஓம் நிலையில் அனுப்பும் கரன்ட் மிகவும் குறைவு, வெடிக்காது என்று வாதிடுபவர்கள் உண்டு, கணக்குப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் மீட்டர் தவறான நிலையில் இருந்தால்? பழைய அனலாக் மீட்டராக இருந்தால்? டெஸ்ட் லாம்ப் இன்னும் மோசம். இன்றைய ஸ்குவிப் பலவும் 1.2 ஆம்பியர் இரண்டு மில்லி செகண்ட் கிடைத்தாலே பற்றிக்கொள்ளும் வகை. டெஸ்ட் லாம்பாகப் பயன்படுத்தும் 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பதோ ஒன்றே முக்கால் ஆம்பியர். விரிந்து முடிய முப்பது மில்லி செகண்ட் அளவுதான் ஆகும், முகத்தை நகர்த்த நேரம் இருக்காது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் மேனுவலில் எச்சரிக்கைப் பெட்டி போட்டுத் தடை செய்கிறார்கள்.

சரி, ஸ்கேனர். கையடக்கமான சாதாரணக் கோட் ரீடர்கள் பல இன்ஜின் கோட்களை மட்டும்தான் படிக்கும், அதில் "கோளாறு இல்லை" என்று வந்தால் நம்பாதீர்கள். எஸ்ஆர்எஸ் யூனிட்டோடு, அதாவது ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டோடு, பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். எல்லாக் கோட்களையும் அழிக்கும் முன் எழுதி வையுங்கள், எது இப்போது இருக்கிற கோளாறு, எது பழைய பதிவு என்பதையும் சேர்த்து. லைவ் டேட்டாவில் ஒவ்வொரு சுற்றின் ஓம் அளவையும் காட்டும் வண்டி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் அதைப் பார்த்துக்கொண்டே கனெக்டரையும் வயரையும் மெதுவாக அசைத்தால் எங்கே எண் துள்ளுகிறதோ அங்கே கோளாறு. ஆனால் இது ஸ்குவிப் இணைந்திருக்கும்போது இக்னிஷன் ஆனில் செய்கிற வேலை, மேனுவல் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் கீழே சொல்லும் மாற்று ரெசிஸ்டர் வழிக்குப் போங்கள். ஸ்கேனர் எஸ்ஆர்எஸ் யூனிட்டோடு பேசவே இல்லை, மற்ற யூனிட்களில் யு0151 (ஏர்பேக் யூனிட்டோடு தொடர்பு இல்லை என்னும் கோட்) நிற்கிறது என்றால் ஸ்குவிப் பக்கம் போகவே வேண்டாம், யூனிட்டுக்கு சப்ளை, எர்த், ஃப்யூஸ், யூனிட்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர் வருகிறதா என்று பாருங்கள்.

முதலில் எங்கே பார்ப்பது என்று கேட்டால் முன் சீட்டுகளுக்கு அடியில் என்பேன். சைடு ஏர்பேக், ப்ரீடென்ஷனர், பக்கிள் ஸ்விட்ச், ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டறியும் சென்சார் எல்லாவற்றின் வயரும் அங்கேதான் பல வண்டிகளில் கூடுகிறது. சீட் முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் அந்த வயர்க் கொத்தும் இழுபடுகிறது. பின்னால் உட்கார்பவர் கால் படும், பையைத் தள்ளி வைப்பார்கள், வேக்குவம் குழாய் இடிக்கும். மஞ்சள் கனெக்டரைப் பாருங்கள். அது முழுக்க உள்ளே போயிருக்கிறதா, மேலே இருக்கும் இரண்டாவது பூட்டு அழுந்தியிருக்கிறதா? இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் கனெக்டர்களுக்குள் ஷார்ட்டிங் பார் என்று ஒரு சின்னத் தகடு இருக்கும், கனெக்டரைக் கழற்றியதும் அது இரண்டு பின்னையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும், நிலை மின்சாரத்தால் ஸ்குவிப் தற்செயலாகப் பற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. கனெக்டர் முழுதாக அமர்ந்தால்தான் தகடு விலகும். அரைகுறையாக அமர்ந்தால் பின்கள் தொட்டுக்கொண்டிருக்கும், தகடும் விலகியிருக்காது, அப்போது "தடை குறைவு" என்று கோட் வரும். லூஸ் கனெக்டர் என்றால் தடை கூடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு தேடினால் இது கண்ணில் படாது.

அதே தகடு இன்னொரு இடத்திலும் ஏமாற்றும். கண்ட்ரோல் யூனிட் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஏர்பேக்கையும் கழற்றிவிட்டு, வயரை மட்டும் அளந்தால் இரண்டு வயருக்கும் நடுவே பூஜ்யம் ஓம் காட்டும். வயர் ஷார்ட் என்று முடிவு கட்டி முழு ஹார்னஸையும் (வயர்க் கொத்தையும்) பிரிக்க வேண்டாம், மேனுவல் சொல்கிறபடி அந்தத் தகட்டை விலக்கிவிட்டு அளக்க வேண்டும்.

அடுத்து கிளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங் சுற்றும், ஏர்பேக் அதோடு சேர்ந்து சுற்றும், அதைத் தாங்கும் ஸ்டியரிங் காலம் (column) சுற்றாது. நடுவில் இருக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் சுருண்டும் விரிந்தும் இரண்டையும் இணைக்கிறது. ஓட்டுநர் ஏர்பேக் கோடோடு ஹார்ன் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்கள் விட்டுவிட்டு வேலை செய்கின்றன என்று வந்தால் என் சந்தேகம் நேராக அங்கேதான் போகும். ஸ்டியரிங் அல்லது சஸ்பென்ஷன் வேலை சமீபத்தில் நடந்ததா என்று கட்டாயம் கேளுங்கள், ஸ்டியரிங் ராக்கைக் கழற்றி மாட்டும்போது ஸ்டியரிங் சக்கரத்தைக் கட்டாமல் விட்டால் அது பாட்டுக்குச் சுற்றி நடுநிலை தவறிவிடும், பிறகு ஒரு முழுத் திருப்பத்தில் கேபிள் அறுந்துபோகும். இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், 2014 ஏப்ரலில் டொயோட்டா சுமார் 35 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததே, ஸ்பைரல் கேபிள் என்றும் சொல்லப்படும் இந்தக் கிளாக் ஸ்பிரிங்குக்காகத்தான். புதியதை மாட்டும்போது முன் சக்கரங்கள் நேராக, கேபிள் நடுநிலையில் இருக்க வேண்டும், கேபிளை மாட்டிய பிறகுதான் அதன் நடுநிலைப் பூட்டை எடுக்க வேண்டும்.

இப்போது மாற்றுச் சோதனை. என்னைக் கேட்டால் இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவில், இரண்டு ஓம் போல ஒரு ரெசிஸ்டரை சரியான அடாப்டரோடு மாட்டுங்கள். பேட்டரியை இணைத்து, இக்னிஷன் போட்டு, கோடை அழித்து மறுபடி படியுங்கள். கோட் போய்விட்டதா, கோளாறு ஏர்பேக்கில் அல்லது அதன் கனெக்டரில். போகவில்லையா, ரெசிஸ்டரை ஒரு படி உள்ளே நகர்த்துங்கள், அதாவது கிளாக் ஸ்பிரிங்குக்கு முன்னால், ஸ்டியரிங் காலத்தின் (column) அடியில் இருக்கும் கனெக்டரில். இப்போது போனால் கிளாக் ஸ்பிரிங்தான். அப்போதும் போகவில்லை என்றால் மிச்சம் ஹார்னஸும் யூனிட்டும் மட்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்க வேண்டியிருக்கும், பொறுமை சோதிக்கும்தான், ஆனால் ஊகத்தில் ஒரு உதிரிபாகம்கூட வாங்காமல் இடத்தைப் பிடித்துவிடலாம்.

கண்ட்ரோல் யூனிட்டை நான் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். அதற்கு முன் பேட்டரி வோல்டேஜ், யூனிட்டின் எர்த், கார்பெட்டுக்கு அடியில் ஈரம். யூனிட் பெரும்பாலும் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் தரையோடு போல்ட் போட்டிருக்கும், ஏசி வடிகால் அடைத்துத் தண்ணீர் உள்ளே வந்தால் அங்கேதான் தேங்கும். விபத்தில் ஏர்பேக் விரிந்த வண்டி என்றால் கதை வேறு, யூனிட் அந்த மோதலைப் பதிந்து பூட்டிக்கொண்டிருக்கும், மேனுவல் மாற்றச் சொன்னால் மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம், என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் ஒன்று. மேலே சொன்ன அதே ரெசிஸ்டரை, விரிந்துபோன ஏர்பேக்குக்குப் பதிலாக நிரந்தரமாகச் செருகி விளக்கை அணைத்து விற்கிறார்கள். இன்னும் சிலர் விளக்கையே எடுத்துவிடுகிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா, இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலோ, ஆயில் விளக்கோடு ஒட்டி அதே நொடியில் எரிந்து அணைகிறது என்றாலோ, ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ரெசிஸ்டர் செருகியிருந்தால் ஸ்கேனருக்கும் தெரியாது, சுற்று நலம் என்றே காட்டும், ஸ்டியரிங் கவர், டேஷ்போர்டு மூடி, பெல்ட் இவற்றைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள்.

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரியைக் கடைசியில் இணைத்து, வண்டிக்குள் யாரும் இல்லாமல், ஏர்பேக் விரியும் வழியில் கையோ தலையோ வராதபடி வெளியிலிருந்து இக்னிஷனைப் போடுங்கள். பயணி சீட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் எடை சென்சாருக்குப் பூஜ்ய அளவீடு தேவையா என்று பார்த்துச் செய்யுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, சீட்டுகளை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்தி, மேடு பள்ளமான பாதையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி கோட் படியுங்கள். எதுவும் திரும்ப வரவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிடலாம்.