வெற்று அடைவிலிருந்து ஒரு ரூட் ஃபைல்சிஸ்டம்

மார்ச் 3

ஒரு சிறிய லினக்ஸ் போர்டுக்கான ரூட் ஃபைல்சிஸ்டத்தை, அதாவது அது இயங்கத் தேவையான அடிப்படைக் கோப்புத் தொகுப்பை, கட்டும் வேலை இன்று தொடங்கியது, ஒரு வெற்று அடைவோடு. போர்டில் 16 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். ரூட் ஃபைல்சிஸ்டத்துக்கு 8 எம்பி ஒதுக்கியிருக்கிறேன். பில்ட்ரூட் என்ற கருவியிடம் கொடுத்தால் இமேஜ் (ஃபிளாஷில் எழுத வேண்டிய ஒற்றைக் கோப்பு) தானாக வந்துவிடும். அடுத்த திட்டத்தில் அதைத்தான் எடுப்பேன். ஆனால் ஒரு தடவையாவது கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. உள்ளே கிடக்கும் எந்தக் கோப்பைக் காட்டி 'இது எதற்கு?' என்று கேட்டாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பிஸிபாக்ஸை ஸ்டாட்டிக்காக, வெளி நூலகம் எதுவும் தேவைப்படாதபடி, கம்பைல் செய்தாயிற்று. 1995இல் டெபியனின் நிறுவல் ஃபிளாப்பிக்காக புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கியது இது. கட்டளை வாங்கும் ஷெல், ஃபைல்சிஸ்டத்தை இணைக்கும் மவுண்ட், முதலில் ஓடும் இனிட் எல்லாமே ஒரே நிரல்தான். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும். மற்ற கட்டளைகளெல்லாம் அதைச் சுட்டும் சிம்லிங்க்குகள். இடம் இல்லாத இடத்தில் பிறந்த யோசனை, இன்றும் அதே காரணத்துக்காக உதவுகிறது.

மார்ச் 4

முதல் பூட். ஃபிளாஷில் எழுதும் முன் சோதிக்க, அடைவை இனிட்ராம்எஃப்எஸாக (ரேமில் விரியும் ரூட்டாக) லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினேன். ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக், இயக்கம் அப்படியே நின்றுவிட்டது. காரணம் கண்டுபிடிக்க அரைமணி ஆயிற்று. சாதாரண ரூட் என்றால் கர்னல் முதலில் எஸ்பின் அடைவில் இனிட்டைத் தேடும். இனிட்ராம்எஃப்எஸ் என்றால் உச்சி அடைவிலேயே இனிட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை விட்டுவிட்டு வேறு ரூட்டைத் தேடிப் போய்விடும். ஒரு சிம்லிங்க் போட்டதும் பேனிக் நின்றது.

ஆனால் கர்னல் செய்திகளுக்குப் பிறகு, போர்டின் செய்திகளைக் காட்டும் சீரியல் இணைப்பில் ஒரு எழுத்தும் வரவில்லை. கர்னல் செய்திகளின் கடைசியில், ஆரம்பக் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி. இனிட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பேச அதற்கு வாய் இல்லை. சாதனக் கோப்புகள் இருக்கும் டெவ் அடைவைக் கர்னல் தானாக மவுண்ட் செய்யும் வசதி இனிட்ராம்எஃப்எஸுக்குப் பொருந்தாது. மேஜர் 5, மைனர் 1 என்ற சாதன எண்களோடு கன்சோல் நோடை (கன்சோலைக் குறிக்கும் சிறப்புக் கோப்பை) நாமே வைக்க வேண்டும். வைத்தேன். ஷெல் வந்தது. அந்த ஒற்றை # குறியைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

மார்ச் 6

இரண்டு நாளாக ஒரே பிழை. எங்கள் சென்சார் நிரலை உள்ளே வைத்து இயக்கினால், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது ஷெல். எல்எஸ் போட்டால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. அனுமதியும் சரி, போர்டின் சிபியுவுக்கான ஆர்ம் பைனரிதான், பாதையிலும் தவறில்லை.

கடைசியில் பைனரியின் உள்ளமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. இல்லாதது என் நிரல் அல்ல, அதன் லோடர். டைனமிக்காக லிங்க் செய்த (ஓடும்போது நூலகங்களைச் சேர்த்துக்கொள்ளும்) ஒவ்வொரு பைனரிக்குள்ளும் அதை ஏற்றிவைக்கும் லோடரின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். என் நிரல் ஜிலிப்சி என்ற சி நூலகத்துக்கான டூல்செயினில் (கம்பைலர் முதலான கருவித் தொகுப்பில்) கட்டப்பட்டது, ஆகவே எல்டி-லினக்ஸைத் தேடுகிறது. லிப் அடைவில் நான் வைத்திருப்பதோ மசில் என்ற இன்னொரு சி நூலகத்தின் எல்டி-மசில். லோடர் கிடைக்காவிட்டாலும் கர்னல் திருப்பித் தருவது அதே 'கோப்பு இல்லை' பிழைதான். எந்தக் கோப்பு என்று சொல்லாது.

எல்டி-லினக்ஸ் என்ற பெயரில் மசிலுக்கு ஒரு சிம்லிங்க் போட்டு ஒப்பேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். இரண்டு நூலகங்களும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இன்று ஓடும், என்றோ ஒருநாள் காரணம் புரியாமல் விழும். நிரலையும் அது சார்ந்த நூலகங்களையும் மசில் டூல்செயினில் திரும்பக் கட்டினேன். முதல் முயற்சியிலேயே ஓடியது.

மார்ச் 7

தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவியை டிராப்பியர் என்ற சிறிய எஸ்எஸ்எச் சர்வர் ஏற்கவில்லை. இமேஜில் இருந்த கோப்புகளுக்கெல்லாம் உரிமையாளர் என் கணினியின் 1000 எண் பயனர்; அப்படி வேறொருவருக்குச் சொந்தமான சாவிக் கோப்பை அது நம்பாது. இமேஜ் கட்டும்போதே எல்லாவற்றையும் ரூட் என்ற நிர்வாகப் பயனரின் பெயருக்கு மாற்றியதும் சரியானது.

மார்ச் 10

இன்று ஸ்குவாஷ்எஃப்எஸ், சுருக்கி வைத்த, படிக்க மட்டுமான ஃபைல்சிஸ்டம். எக்ஸ்இசட்டில் சுருக்கினால் இமேஜ் மிகச் சிறியது, இசட்எஸ்டிடியில் கொஞ்சம் பெரியது. ஆனால் விரிப்பதில் இசட்எஸ்டிடி வேகம், இந்தச் சின்ன சிபியுவில் அது பூட்டிலேயே தெரிகிறது. இரண்டுமே 8 எம்பிக்குள் அடங்கும்போது மிச்சப்படுத்திய இடத்தை வைத்து என்ன செய்வது? இசட்எஸ்டிடியே இருக்கட்டும்.

படிக்க மட்டுமான ரூட் என்பதால் அமைப்புகளை எழுத வேறு இடம் வேண்டும். மொத்த ரூட்டின் மேலும் ஓவர்லே (மாற்றங்களைத் தாங்கும் மேலடுக்கு) போடுவது எளிது. எனக்கு அதில் ஒரு பயம்: பயனர் ஒருமுறை மாற்றிய எட்சி அடைவின் அமைப்புக் கோப்பு மேலடுக்கில் தங்கிவிடும். அடுத்த அப்டேட்டில் அதே கோப்பின் திருத்திய வடிவம் வந்தாலும் அடியில் மறைந்து கிடக்கும். அதனால் ஓவர்லே வேண்டாம் என்று முடிவு. ஃபிளாஷுக்கான, எழுதக்கூடிய ஃபைல்சிஸ்டமான ஜேஎஃப்எஃப்எஸ்2இல் ஒரு சிறு டேட்டா பார்ட்டிஷன், மாறக்கூடிய நான்கு கோப்புகள் மட்டும் அங்கே.

மார்ச் 12

மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்துத் துண்டித்துப் பார்த்தேன். ரூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பதினேழாவது முறையில் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு பூஜ்ய பைட்டாகிவிட்டது. ஃபைல்சிஸ்டத்தின் குற்றம் அல்ல. பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு அதிலேயே எழுதுகிறது நம் நிரல், இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போயிருக்கிறது. தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (ஃபிளாஷில் உண்மையிலேயே பதியவைத்து), பிறகு பழைய பெயருக்கு ரீநேம் செய்யும்படி மாற்றினேன். அப்போது பழையதோ புதியதோ, ஏதாவது ஒன்று முழுதாக இருக்கும்.

இரவு வரை நூறு தடவை துண்டித்தாயிற்று. கோப்பு ஒவ்வொரு முறையும் முழுதாக இருந்தது.

மார்ச் 13

போர்டில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. பூட் ஆனதும் 1970 ஜனவரி 1 என்கிறது, அதனால் சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று இணைப்பு முறிகிறது. இமேஜ் கட்டிய நேரத்தை ஒரு கோப்பில் பதித்துவிட்டு, பூட்டில் கடிகாரம் அதற்கும் பின்தங்கியிருந்தால் முன்னே தள்ளும் மூன்று வரிகளை, பூட்டில் ஓடும் ஆர்சிஎஸ் ஸ்கிரிப்டில் சேர்த்தேன். அதன்பின் நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் என்டிபி சரியான நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாளை இறுதி இமேஜை ஃபிளாஷில் எழுதுகிறேன்.