முதல் வேட்டைத் துப்பாக்கி: பெட்டியிலிருந்து 100 மீட்டர் வரை

துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றதும் ஊரிலிருந்து வந்த முதல் கேள்வி, "அங்கே எதுக்குடா உனக்குத் துப்பாக்கி?" என்பதுதான். நியாயமான கேள்வி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் பக்கம் வேட்டை என்றாலே வழக்கு, கைது என்றுதான் செய்தி வரும். நான் இருக்கும் நியூசிலாந்தில் கதை தலைகீழ். வௌவாலை விட்டால் இந்த மண்ணுக்கே உரிய நிலவாழ் பாலூட்டி எதுவும் கிடையாது. மான்களெல்லாம் வெளியிலிருந்து கப்பலில் வந்தவை. சிகா என்கிற புள்ளிமான் வகையை வட தீவின் கைமனாவா மலைப்பக்கம் 1905இல் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்ன புலியோ சிறுத்தையோ இல்லாததால் அவை பெருகிக் காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்துவிடுகின்றன. அதனால் அரசு வனத்தில் வேட்டைக்கான அனுமதிச்சீட்டை இலவசமாகவே தருகிறார்கள்.

லைசன்ஸ் கதையை நீட்டவில்லை. பாதுகாப்பு விதிகளில் ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு செய்முறை வகுப்பு, பிறகு விண்ணப்பம். நம்மைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீட்டு ஆள், மற்றவர் வெளி ஆள். அதன் பிறகு அதிகாரி வீட்டுக்கே வந்து பேசுகிறார். என்னிடம் கேட்டதைவிட என் மனைவியிடம்தான் அதிக நேரம் பேசினார், அதுவும் என்னை வெளியே அனுப்பிவிட்டு. சுவரில் போல்ட் அடித்து இறுக்கிய இரும்புப் பெட்டியைப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு. லைசன்ஸ் இல்லாத யார் கையிலும் சாவி சிக்கக்கூடாது என்பது சட்டம். கட்டின மனைவியும் அதில் அடக்கம். "ஏங்க, பீரோ சாவியை மட்டும் நான் ஒளிச்சு வைக்கணும், இதை நீங்க ஒளிச்சு வைப்பீங்களா?" என்று அன்றைக்குக் கேட்டவர் இன்னும் விடவில்லை. முதல் லைசன்ஸ் 5 வருடத்துக்கு. வாங்கும் துப்பாக்கியை 2023 ஜூனில் தொடங்கிய தேசியப் பதிவேட்டில் ஏற்றவும் வேண்டும்.

எந்தத் துப்பாக்கி என்பதில் நான் அதிகம் குழம்பவில்லை. என்னை வேட்டைக்கு இழுத்துவிட்ட மதுரைக்கார அண்ணன் ஒருவர் ஹாமில்டனில் இருக்கிறார். நான் ஊரில் ஸ்கூல் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இங்கே மான் அடித்தவர். "தம்பி, எந்த ஊருக் கடையிலும் தோட்டா கிடைக்கிற துப்பாக்கியா வாங்கு. மத்ததெல்லாம் பேச்சு" என்றார். அதனால் .308 அளவுத் தோட்டா போடும் துப்பாக்கி. நம் ஊர் போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய 'த்ரீ நாட் த்ரீ' இருக்கிறதே, அந்த .303 ராணுவத் துப்பாக்கியைத்தான் இங்கேயும் ஒரு காலத்தில் மான் அழிப்புப் படையினர் சுமந்து திரிந்திருக்கிறார்கள். .308 அதைவிடப் புதிய வடிவம், வேலை ஏறக்குறைய அதே. டிக்கா டி3எக்ஸ் என்ற ஃபின்லாந்துத் துப்பாக்கி; சாக்கோ கம்பெனித் தயாரிப்பு. போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டை, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளுகிற வகை. மேகசினில் மூன்று தோட்டா. 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்துவிட்டார்கள். மானுக்கு அது தேவையும் இல்லை.

இதுவரை எல்லோரும் பேசுகிற விஷயம். இதற்கு மேல் வருவதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. கடையிலிருந்து வருவது துப்பாக்கி ஒன்று, குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் ஒன்று, அதைத் துப்பாக்கிமேல் பிடித்து நிறுத்தும் வளையங்கள் இரண்டு, அவ்வளவுதான். அவை மூன்றும் சேர்ந்து என் கண்ணுக்கும் தோளுக்கும் பொருந்தி நிற்பது தனி வேலை. பணம் துப்பாக்கியில் போகிறது, குறி இந்த வேலையில் இருக்கிறது. கடையிலேயே மாட்டித் தருவார்கள்தான். ஆனால் என் கழுத்து எவ்வளவு நீளம், எந்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு மலை ஏறுவேன் என்பதெல்லாம் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் வீட்டு கராஜில் உட்கார்ந்தோம். போல்ட்டைக் கழற்றி வைத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்தார். இப்போதுதான் பெட்டியைப் பிரித்த புதுத் துப்பாக்கி அது. ஆனாலும் இங்கே சொல்லித்தரும் ஏழு விதிகளில் முதலாவது அதுதானே: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருக்கிறது என்றே நினை.

திருகுகளில் எண்ணெய் இருந்தால், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதை தாங்காமல் தளரும். அதனால் எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். அடி வளையங்களை மாட்டி, ஸ்கோப்பை வைத்து, மேல்மூடிகளை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் திருகினோம். அடுத்தது கண் தூரம். ஸ்கோப்பின் பின்பக்கக் கண்ணாடிக்கும் நம் கண்ணுக்கும் சுமார் 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கிட்டப் போனால் சுடும்போது அது புருவத்தில் வந்து மோதும். இங்கே பல வேட்டைக்காரர் நெற்றியில் பிறை வடிவத் தழும்பு பார்க்கலாம். ஸ்கோப்பை அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் தூரம் கறாராகத் தெரியும். அண்ணன் என்னைக் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கராஜுக்குள் வேர்த்துக் கொட்டியது. "கண்ணை மூடு. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில வை. இப்ப திற." திறந்தால் படத்தின் ஓரத்தில் கறுப்பு நிழல். ஸ்கோப்பை ஒரு நூல் முன்னால் தள்ளினார். மறுபடி மூடு, திற. நின்றபடி சரியாக இருந்தது குப்புறப் படுத்தால் மாறியது, ஏனென்றால் படுக்கும்போது தலை தானாக முன்னால் போய்விடுகிறது. படுத்தாலும் உட்கார்ந்தாலும் நிழல் விழாத ஓர் இடம் கிடைக்கும்வரை இந்தக் கண்ணாமூச்சி நடந்தது.

அப்புறம் நேர்மட்டம். ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக்கோட்டின் நிமிர்ந்த கோடு உண்மையிலேயே நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கிட்டத்தில் தெரியாது. தூரம் கூடக்கூடக் குண்டு பக்கவாட்டில் விலகும். துப்பாக்கியின் மேல்தளத்தில் சின்ன ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் வரும்படி நிறுத்தினோம். கராஜின் எதிர்ச் சுவரில், கொத்தனார் தூக்குக் குண்டு விடுகிற மாதிரி, மீன்பிடி நரம்பில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த நரம்பும் சிலுவையின் நிமிர்கோடும் ஒன்றின்மேல் ஒன்று படியும்வரை ஸ்கோப்பைச் சுழற்றினோம். வேடிக்கை என்னவென்றால், மூடித் திருகுகளை இறுக்கும்போது ஸ்கோப் தானும் கொஞ்சம் சேர்ந்து திரும்பும். அதனால் ஒரே திருகை இறுக்காமல் குறுக்கும் மறுக்குமாகக் கால் சுற்று, கால் சுற்றாகப் போக வேண்டும். மூடிக்கும் அடி வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி இறுக்கம், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவரில், சுமார் 2 நியூட்டன் மீட்டர். கை பலத்தில் இறுக்கினால் ஸ்கோப் குழாயே நசுங்கும். அந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: ஸ்கோப்பில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது வாங்குங்கள். என் ஸ்கோப்பே 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும் சாதாரண வகைதான். புதருக்குள் 100 மீட்டருக்கு உள்ளே மான் பார்ப்பவனுக்கு அதற்கு மேல் எதற்கு?

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போன அன்று மழை விட்டிருந்தது. சிவப்புக் கொடி ஏறினால் சுடலாம். கொடி இறங்கி, எல்லோரும் போல்ட்டைத் திறந்து வைத்துத் துப்பாக்கியிலிருந்து விலகி நின்ற பிறகே காகிதத்தைப் பார்க்க முன்னால் போகலாம். முதலில் 25 மீட்டர். அதற்கும் முன்னால் தோட்டா செலவில்லாத ஒரு வேலை உண்டு. போல்ட்டை உருவிவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழல் வழியாகவே காகிதத்தைப் பார்க்க வேண்டும். குழலின் வட்டத்துக்குள் குறி நடுவில் தெரியும்படி மணல் மூட்டையில் துப்பாக்கியை அசையாமல் நிறுத்திவிட்டு, ஸ்கோப்பின் சிலுவையை அதே புள்ளிக்குத் திருகிக் கொண்டுவர வேண்டும். குழல் பார்க்கும் இடத்தையே ஸ்கோப்பும் பார்த்தால் முதல் குண்டு காகிதத்திலாவது விழும். இதைச் செய்யாமல் நேராக 100 மீட்டருக்குப் போனால் குண்டு எங்கே போனது என்றே தெரியாமல் டப்பா டப்பாவாகத் தோட்டா காலியாகும்.

விழுந்தது. நாலு சென்டிமீட்டர் கீழே. என் ஸ்கோப்பின் திருகு குமிழை ஒரு கிளிக் திருப்பினால் குண்டு விழும் இடம் 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகரும். 25 மீட்டரில் அதில் கால்வாசிதான், 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக 22 கிளிக் மேலே. குமிழில் 'மேல்' என்று போட்டிருக்கும் அம்புக்குறி குண்டு நகரும் திசையைச் சொல்கிறது, சிலுவை நகரும் திசையை அல்ல. ஒரு முறை மண்டையில் ஏறிவிட்டால் குழப்பமில்லை.

100 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டேன். ஒவ்வொரு மூன்றுக்கும் இடையே குழல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காட்டில் முதல் குண்டு குளிர்ந்த குழலிலிருந்துதான் போகும். மணல் மூட்டை, துப்பாக்கிக் கட்டையின் முன்பகுதிக்கு அடியில் இருக்க வேண்டும். குழல் எதன்மேலும் படக்கூடாது. சத்தத்தைக் குறைக்கும் சப்ரெசரைக் குழல் முனையில் மாட்டியேதான் சுட்டேன். இங்கே அதற்குத் தனி அனுமதி வேண்டியதில்லை, பலரும் மாட்டிக்கொண்டுதான் திரிகிறார்கள். ஆனால் மாட்டினால் ஓரிடம், கழற்றினால் வேறிடம் என்று குண்டு மாறி விழும். எப்படிக் காட்டுக்குப் போகப் போகிறோமோ அப்படியேதான் குறி பார்க்க வேண்டும். சத்தம் குறையும் என்பதற்காகக் காதுக் கவசத்தைக் கழற்றிவிடவும் கூடாது.

முதல் மூன்றில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில், ஒன்று தனியாகக் கீழே இடப்பக்கம். அடுத்த மூன்றிலும் அதே மாதிரி. ஸ்கோப் திருகு தளர்ந்ததோ என்று நான் திருகுகளைத் தடவினேன். அண்ணன் எதுவும் சொல்லாமல் மேகசினை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று நிரப்பித் தந்தார். ஒரு குண்டு போனது. அடுத்ததுக்கு விசையை இழுத்தேன், 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் முனை ஒரு முழு அங்குலம் கீழே குனிந்தது. உள்ளே இருந்தது மருந்தில்லாத பயிற்சித் தோட்டா. வராத உதைக்குத் தோள் முன்கூட்டியே முட்டுக் கொடுத்திருக்கிறது. "ஸ்கோப்பைத் திட்டாத தம்பி" என்று சிரித்தார். கல்லூரி என்சிசி முகாமில் .22 சுட்டபோது உதையே இருக்காது. உடம்பு இதை எங்கே கற்றிருக்கும்?

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. தோட்டாப் பெட்டி பூட்டியபடி வேறு அறையில். காலித் துப்பாக்கி, அதன் தோட்டா அறையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வது, பாதுகாப்பான திசையில் செங்கல் சுவர். குழலின்மேல் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு, அது விழாமல் விசையை இழுக்கப் பழகினேன். இந்த வகைத் துப்பாக்கிக்குக் காலியாக விசை இழுப்பதால் கேடில்லை. தோட்டா விலைக்கு இதைவிட மலிவான பயிற்சி கிடையாது. அடுத்து ரேஞ்சுக்குப் போனபோது மூன்றும் ஒரு நாலு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் வந்தன. நடுப்புள்ளியிலிருந்து 6 சென்டிமீட்டர் வலப்பக்கம், 2 சென்டிமீட்டர் கீழே. இப்போதுதான் குமிழைத் தொட அர்த்தம் இருக்கிறது. ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருப்பினால் தவறைத் துரத்திக்கொண்டே இருப்போம். 8 கிளிக் இடம், 8 கிளிக் மேல்.

மேலே ஏன் 8 என்றால், 100 மீட்டரில் குறிக்கு மூன்றரை சென்டிமீட்டர் மேலே விழும்படி வைத்துக்கொண்டேன். 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு அப்படிப் போனால் 200 மீட்டரில் நாலைந்து சென்டிமீட்டர்தான் கீழிறங்கும். மானின் நெஞ்சுக்கூட்டு அளவுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. கணக்குப் போடாமல் நேராகக் குறி வைக்கலாம். 200 மீட்டர் ரேஞ்சில் சுட்டுச் சரிபார்த்தேன். காகிதத்தில் போட்ட கணக்கை மட்டும் நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள். அந்த அளவுகளை ஒரு சின்னச் சீட்டில் எழுதி, கட்டையின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அதே தயாரிப்புத் தொகுதி எண் உள்ள தோட்டா டப்பாக்களைச் சேர்த்து வாங்கியும் வைத்துவிட்டேன். பிராண்டோ குண்டின் எடையோ மாறினால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சொல்லித்தர ஆளில்லாமல் தொடங்குகிறவர்களுக்கு: 1937 முதல் இயங்கும் டீர்ஸ்டாக்கர்ஸ் அசோசியேஷன் என்ற மான் வேட்டைக்காரர் சங்கத்தின் கிளைகள் பல ஊர்களில் இருக்கின்றன. புதியவர்களுக்கு 'ஹன்ட்ஸ்' என்ற பெயரில் பயிற்சியும் நடத்துகிறார்கள். வெட்கப்படாமல் போய் நில்லுங்கள். நம் முகத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு இஞ்சி பிஸ்கட் கொடுத்தார்கள்.

ஆண்மான்கள் கத்தும் பருவம் மார்ச் கடைசியில் தொடங்கும். போவதற்கு முந்தைய இரவு குழலில் உள்ள எண்ணெயைக் காய்ந்த துணி விட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் குண்டு வேறெங்காவது போகும். ஆரஞ்சு மேலாடை வாங்கியாயிற்று, அனுமதிச்சீட்டும் வந்துவிட்டது. அண்ணனிடம் பேசி வைத்த ஒரே நிபந்தனை: முழு மானும் தெரிந்து, அது மான்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தோட்டா அறைக்குள் போகும். இங்கே வேட்டையில் ஆளை மான் என்று நினைத்துச் சுட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன, அதுவும் கூடப் போன நண்பனையே. ஃப்ரீசரில் இரண்டு தட்டு ஒதுக்கித் தரச்சொல்லி வீட்டில் கேட்டிருக்கிறேன். "முதல்ல அடிச்சுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று பதில்.