ஈரம் காயும் முன்: சாந்திநிகேதன் நாட்குறிப்பு

நவம்பர் 17, ஞாயிறு

எங்கள் கலைக்கல்லூரியான கலாபவனத்தின் அறிவிப்புப் பலகையில் இன்று என் பெயர் ஏறிவிட்டது. 29-ஆம் தேதி மாலை ஆய்வுப் பேச்சு. டிசம்பர் 1, 2 நந்தன் மேளா. அது முடிந்த கையோடு நந்தன் காட்சிக்கூடத்தில் எங்கள் வகுப்பின் கண்காட்சி.

கலாபவனத்தின் தலைவராக இருந்த ஓவியர் நந்தலால் போஸ் பிறந்தது டிசம்பர் 3. அதற்கு முந்திய இரண்டு நாளும் வளாகமே சந்தையாகிவிடும். பீங்கான், அச்சோவியம், நாட்காட்டி என்று மாணவர்களும் ஆசிரியர்களும் செய்ததை விற்று, வரும் பணத்தை மாணவர் நல நிதியில் சேர்ப்பார்கள். எனக்கு மேளாவைவிட 29-ஆம் தேதிதான் வயிற்றைக் கலக்குகிறது. தலைப்பு: 'சுவர் பூசியது யார்?'

ஏழிலைப்பாலை பூத்து ஓய்ந்துவிட்டது. ஆனாலும் விடுதிக்குத் திரும்பும்போது இருட்டில் எங்கிருந்தோ அந்த வாசம் வந்தது.

நவம்பர் 20, புதன்

இங்கே வார விடுமுறை புதன்கிழமைதான். காலையிலேயே இந்தி பவனத்துக்குப் போய்விட்டேன். மூன்று சுவர்களின் மேற்பாதியில், 1946-47இல் வினோத் பிஹாரி முகர்ஜி வரைந்த இடைக்கால பக்தர்களின் வாழ்க்கை. எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன்.

அவருக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்ற கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. சாரத்தில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே உள்ள கொஞ்சம் சுவர்தான் தெரிந்திருக்கும். சுவர் அளவுக்குப் பெரிய மாதிரிப்படம் போட்டு நகலெடுக்கவும் இல்லை; சின்னச் சின்னக் குறிப்போவியங்களை வைத்துக்கொண்டு நேராக ஈரக் காரையில் இறங்கிவிட்டார். அப்படியும் அந்த மனிதக் கூட்டம் ஆறு மாதிரி சுவரைச் சுற்றி ஓடுகிறது. கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங். அவர்களோடு நம் ராமானுஜரும் இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவரை இந்த வங்காள வீர்பூம் மாவட்டத்துச் சுவரில் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். சில வருஷங்களில் வினோத் பிஹாரிக்கு இருந்த பார்வையும் போய்விட்டது.

உடன் வேலை செய்த மாணவர்களில் கே.ஜி. சுப்ரமணியனும் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைக்குப் போய், 1944இல் இங்கே வந்து சேர்ந்தவர். இங்கே இன்றும் எல்லோருக்கும் அவர் மானிதா, மணி அண்ணன்.

ஓவியர் பெயர் தெரிகிறது, உதவிய மாணவர் பெயர் தெரிகிறது. காரையைக் குழைத்து, அளவாக ஈரம் விட்டு, அந்தந்த நாளுக்கு வேண்டிய சுவரைப் பூசித் தந்த கைக்கு நான் படித்த பக்கங்களில் பெயர் இல்லை. ஈரச் சுவர் ஓவியத்தில் பசை கிடையாது. நிறத்தை வெறும் தண்ணீரில் குழைத்து வைக்கிறோம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறத்தையும் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. படத்தைப் பிடித்து வைத்திருப்பதே பூச்சுதான். அப்புறம் பூசியவர் எப்படி வெறும் கூலியாள் ஆவார்?

நவம்பர் 21, வியாழன்

கண்காட்சிக்கு ஈரக் காரையில் வரைந்து வைத்திருந்த பலகை போச்சு. பூச்சு முழுக்கக் கடுகளவு கடுகளவாகப் பொரிந்து தெறித்துவிட்டது. நாலு நாள் வேலை. ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். கும்பகோணம் பக்கம் கோயில் திருப்பணிகளில் முப்பது வருஷமாகக் கொத்தனார் அவர்.

"சுண்ணாம்ப எத்தன நாளு ஊறப் போட்ட?"

"மூணு நாளுப்பா."

"மூணு நாளா? தயிருக்கு ஒற ஊத்துற மாதிரி நெனச்சியாம்மா? வேகாத கல்லு உள்ள கெடக்கும். சுவத்துல ஏறின பெறவு தண்ணி பட்டு வேகும், வெடிக்கும். ஒங்க தாத்தா குழி வெட்டி மாசக்கணக்குல போட்டு வச்சிருப்பாரு. வெண்ண மாதிரி கரணையில ஒட்டணும்."

திட்டவில்லை. அதனால்தான் அழுகை வந்தது.

நவம்பர் 23, சனி

போன வருஷ வகுப்பு தண்ணீருக்கடியில் மூடி வைத்த சுண்ணாம்பு ஒரு பீப்பாய் கிடைத்தது. வளாகத்தில் வேலை செய்யும் ராஜமிஸ்திரி (கொத்தனார்) காக்கு புதுப் பலகைக்குப் பூசித் தர ஒப்புக்கொண்டார். காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம்.

அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரணையை ஏறக்குறையப் படுக்க வைத்து, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. பூசி முடித்ததும் என்னைத் தடுத்துவிட்டார். சுவரின் ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் அழுத்தினார். விரல் பதிந்தது, ஆனால் காரை விரலில் ஒட்டவில்லை. அப்போதுதான் 'ம்' என்று தலையசைத்தார்.

முதல் காவிக் கோட்டைச் சுவர் உறிஞ்சிய விதத்தை எப்படிச் சொல்வது? தூரிகையை எடுப்பதற்குள் மேலே இருந்த மினுமினுப்பு உள்ளே போய்விட்டது. காவி, மஞ்சள் காவி, பச்சை நிற மண், அடுப்புக்கரி. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குகிறவை இந்த மாதிரி நிறங்கள்தான். பிற்பகலில் சுவர் குடிப்பதை நிறுத்தியது. நிறம் மேலேயே நின்றது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். வரையாமல் மிஞ்சிய பூச்சைக் காக்கு ஓரத்தைச் சாய்வாக வெட்டிச் சுரண்டி எடுத்தார். நாளைய பூச்சு அதில் வந்து சேரும்.

நவம்பர் 26, செவ்வாய்

பேச்சை எழுதி முடித்தேன். முக்கியமாக இருவரைச் சொல்கிறேன்.

ஒருவர் ஜெய்ப்பூரிலிருந்து வந்த நரசிங்லால் மிஸ்திரி. நந்தலால் 1927இல் அவரை வரவழைத்து ஜெய்ப்பூர் முறையை இங்கே கற்பிக்கச் செய்தார். வரைந்த ஈரப் பரப்பை அகேட் என்ற வழுவழுப்பான மணிக்கல்லால் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி மெருகேற்றும் முறை அது. பெயரோடு நமக்குக் கிடைக்கும் மிஸ்திரி அவர். ஓவியர்கள் அவரிடம் மாணவர்களாக நின்றார்கள் என்பதைப் பேச்சில் அழுத்திச் சொல்வேன்.

இன்னொருவர் பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் எஸ்.கே. கோவிந்தசாமி. சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த பரமசிவன் அந்தப் பூச்சை ஆராய்ந்து, அது ஈரச் சுவரில் வரைந்தது என்ற முடிவுக்கு வந்தார். ஓவியத்தின் கதையைக் காரையிடம் கேட்ட மனிதர் அவர்.

ஆய்வு வழிகாட்டி படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இவ்வளவு சொல்கிறாய், உன் பலகையின் விவரச்சீட்டில் யார் பெயர் இருக்கிறது?" என் பெயர் மட்டும்தான் இருந்தது. முகம் சூடேறிவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

நாளை பேச்சு. ஒத்திகையில் பத்து நிமிஷம் கூடுதலாகப் போகிறது. தஞ்சைப் பகுதியை வெட்டச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். ஜெய்ப்பூர் பகுதியில் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

மாலையில் காலோ பாரி பக்கம் போனேன். மண்சுவரில் புடைப்புச் சிற்பம் செய்து தார் பூசிய கறுப்பு வீடு. பூச்சு வேலையும் கலை வேலையும் அங்கே ஒரே கையில்தான். நெஞ்சு படபடப்பு அங்கே உட்கார்ந்த பிறகுதான் அடங்கியது.

அதற்கு முன் விவரச்சீட்டைப் புதிதாக அடித்து வாங்கியிருந்தேன். 'பூச்சு' என்று முதல் வரி, 'ஓவியம்' என்று இரண்டாம் வரி. காக்குவிடம் காட்டினேன். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சில் கேட்டார். வங்காள எழுத்தில் தன் பெயரில் ஓர் உயிர்க்குறி தவறாக விழுந்திருந்ததை அடித்து, பக்கத்தில் சரியாக எழுதித் தந்தார். அச்சகம் மூடுவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.