பசையில் எவ்வளவு தண்ணீர்? காகிதப் பாதுகாப்புப் பயிற்சிக் குறிப்புகள்

பிப்ரவரி 3

உலர் சுத்தம். பழைய ஆவணத் தாளில் ஈரம் படுவதற்கு முன்பே தூசி முழுக்கப் போயிருக்க வேண்டும். நனைந்த தூசி நாருக்குள் இறங்கிவிட்டால் பிறகு எதற்கும் அசையாது. முதலில் மென்மயிர்த் தூரிகை, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி. அடுத்து துருவிய வினைல் ரப்பர்த் தூள். விரல் நுனியால் லேசாக உருட்ட வேண்டும். தூள் சாம்பல் நிறமானதும் தள்ளிவிட்டுப் புதிதாகத் தூவ வேண்டும். கிழிசலுக்கு ஒரு செ.மீ. முன்பே கையை நிறுத்திக்கொள்வது நல்லது. துகள் நாரில் சிக்கினால் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க நேரும். பென்சில் குறிப்பு உள்ள இடத்தில் ரப்பரே கூடாது. யாரோ ஓரத்தில் கிறுக்கியதும் ஆவணத்தில் சேர்த்திதான்.

பிப்ரவரி 4

பசை காய்ச்சுதல். கோதுமை மாவு அல்ல, புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு 4 பங்கு அயனி நீக்கிய நீர். அரை மணி நேரம் ஊறவிட்டு, மிதமான சூட்டில் கை ஓயாமல் கிளற வேண்டும். சில நிமிடங்களில் சட்டென்று கெட்டிப்படும். ‘ஆகிவிட்டது’ என்று அங்கேயே இறக்குவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. அந்தக் கட்டத்தில் பசை இன்னும் வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கும். வேகாத ஸ்டார்ச் மணிகள் ஒட்டாது. 30 முதல் 40 நிமிடம் கிளறினால் பளபளப்பேறி, ஒளி ஊடுருவும் நிலைக்கு வரும்.

முழுக்க ஆறிய பிறகே சல்லடையில் தேய்க்க வேண்டும், குறைந்தது இரண்டு முறை. அதன்பின் தேவைக்குத் தகுந்தபடி நீரைத் துளித்துளியாகச் சேர்க்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் ஸ்டார்ச் நீரை வெளியே தள்ளி மணல்மணலாகிவிடும், ஒட்டும் திறனும் குறையும். சிறிதளவாகக் காய்ச்சி, புளித்த வாடை வந்ததும் கொட்டிவிடுவதே மேல்.

பிப்ரவரி 5

நார் ஓட்டம். சின்னச் சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் தாள் சுருளும். சுருளின் அச்சு எந்தத் திசையோ அதுவே நார் ஓடும் திசை. நாருக்குக் குறுக்கேதான் தாள் அதிகம் விரியும். ஒட்டுத்தாளின் (கிழிசல்மேல் ஒட்டும் மெல்லிய தாள்) நாரும் ஆவணத்தின் நாரும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மாறினால், காயும்போது ஒன்று இழுக்க மற்றது நெளியும்.

பிப்ரவரி 6

கிழிசல் ஒட்டுதல். கோஸோ (ஒருவகை மல்பெரிப் பட்டை) நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளான டிஷ்யூவைக் கத்தரியால் வெட்டக் கூடாது. நீர் தோய்த்த மெல்லிய தூரிகையால் கோடு கிழித்து, அந்த ஈரத்தில் மெல்லப் பிரித்தால் ஓரத்தில் நார்ப்பிசிர் நீட்டிக்கொண்டிருக்கும். ஒட்டின் விளிம்பு தடவினால் தட்டுப்படாமல் இருக்க அந்தப் பிசிர்தான் காரணம். கிழிசலுக்கு இருபுறமும் 2 முதல் 3 மி.மீ. அகலம் போதும்.

கிழிசலின் இரு விளிம்புகளும் பெரும்பாலும் சாய்வாகப் பிரிந்திருக்கும். எது மேலே, எது கீழே என்று உருப்பெருக்கியில் பார்த்துப் பொருத்தாமல் ஒட்டினால் எழுத்து அரை மி.மீ. விலகி நிற்கும்.

பசையை டிஷ்யூவில் தடவிய கையோடு ஆவணத்தில் வைப்பதுதான் பெரிய தவறு. இடுக்கியால் எடுத்து, முதலில் ஒற்றுத்தாளில் (நீர் உறிஞ்சும் தாள்) ஒரு நொடி படியவிட வேண்டும். மிகுந்த நீர் அங்கே போய்விடும். இல்லாவிட்டால் நீர் பழைய தாளில் பரவி, கரையக்கூடிய பழுப்பைத் தள்ளிக்கொண்டு போய், ஈரம் முடியும் இடத்தில் கறைக்கோடாக நிறுத்திவிடும். ஒட்டியதும் மேலும் கீழும் நெய்யாத பாலியெஸ்டர் துணி, ஒற்றுத்தாள், கண்ணாடி, எடை. 15 நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்ற வேண்டும், ஒரு மணி நேரத்தில் மறுபடி, பிறகு இரவு முழுக்க அப்படியே. பாலியெஸ்டர் துணியை மறந்தால் ஆவணமும் ஒற்றுத்தாளும் ஒன்றாகிவிடும்.

பிப்ரவரி 10

மாசிக்காயும் இரும்பு சல்பேட்டும் சேர்த்த பழைய மை. இங்கே மேலே சொன்ன ஸ்டார்ச் பசை ஆகாது. அதிலுள்ள நீர் இரும்பு(II) அயனிகளை எழுத்துக்கு வெளியே இழுத்துச் செல்லும்; ஒட்டும் நாளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அவை தாளை அரிக்கும் சேதம் பின்னால் வரும். பாத்தோஃபினாந்த்ரோலின் (இரும்பு(II) பட்டால் நிறம் காட்டும் வேதிப்பொருள்) ஏற்றிய சோதனைக்கீற்றை நனைத்து, ஒற்றி, மையின் மேல் அரை நிமிடம் அழுத்தினால் இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் தனித்த இரும்பு அயனி இருக்கிறது. கீற்றும் ஈரம்தான் என்பதால் ஓரமாக ஒரு புள்ளி போதும்.

இதற்கு ஜெலட்டின் டிஷ்யூ. 3 கிராம் ஜெலட்டினை 100 மி.லி. குளிர்ந்த நீரில் ஊறவைத்து, 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் கரைக்க வேண்டும். கொதித்தால் பலம் போய்விடும். பாலியெஸ்டர் ஃபிலிமில் தடவி, அதன்மேல் டிஷ்யூவைப் படியவைத்து முழுக்கக் காயவிட வேண்டும். தேவைப்படும்போது துண்டு பிரித்து, ஈர ஸ்பாஞ்சின் மேல் விரித்த ஒற்றுத்தாளில் ஜெலட்டின் பக்கம் கீழாகச் சில நொடி வைத்தால் பிசுபிசுப்பு வரும். மினுமினுத்தால் ஈரம் அதிகம், அந்தத் துண்டு வேண்டாம். மீதித் தாளை ஃபிலிமோடு சேர்த்தே தட்டையாக வைத்து, ஜெலட்டின் சதவீதத்தையும் தேதியையும் ஃபிலிமின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும்.