முதல் ட்ரையல்ஸ் போட்டிக்கு முன் எட்டு வாரம்

ட்ரையல்ஸ் சைக்கிளில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, மரக்கட்டை, கல்வரிசை இவற்றின் மேல் கால் ஊன்றாமல் ஏறி இறங்கிக் கடப்பதுதான் போட்டி. கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரைப் பக்கம் புதிதாகப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு உயரம் குதிக்கணும்ணே?" என்பதுதான். முதல் போட்டியில் ஆள் தோற்பது பெரும்பாலும் உயரத்தால் இல்லை. ஒரு செக்‌ஷனைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் போவதால்தான் தோற்கிறார்கள்.

விதியிலிருந்து ஆரம்பிப்போம். டேப் கட்டி எல்லை குறித்த பகுதிதான் செக்‌ஷன். முன்சக்கர அச்சு தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். வழக்கமாக 2 நிமிடம். பழைய முறையில் ஒரு கால் தரையில் பட்டால் 1 தண்டப்புள்ளி. இரண்டு காலும் சேர்ந்து ஊன்றினாலோ, கை தரையில் பட்டாலோ, டேப்பைத் தாண்டினாலோ நேரே 5, அத்தோடு அந்த செக்‌ஷன் முடிந்தது. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ இப்போது வைத்திருக்கும் முறை வேறு: செக்‌ஷனுக்கு 6 கேட் (அம்புக்குறிகளுக்கு நடுவே கடந்து போக வேண்டிய வழி), ஒழுங்காகக் கடந்த ஒவ்வொன்றுக்கும் 10, முழுதும் முடித்தால் 60. பெயர் கொடுக்கும்போதே எந்த முறை என்று கேட்டுவிடுங்கள். ஓட்டும் விதமே அதைப் பொறுத்து மாறும். தண்டப்புள்ளி முறையில், நிச்சயம் விழப்போகிறோம் என்று தெரிந்த இடத்தில் ஒரு காலை ஊன்றி 1 வாங்கிக்கொண்டு மேலே போவதுதான் புத்தி. கேட் முறையில் முதல் நான்கு கேட்டையும் நேரத்துக்குள் கடந்து 40 எடுக்கப் பாருங்கள். கடினமான கடைசி இரண்டும் அதற்குப் பிறகு.

சைக்கிள். ட்ரையல்ஸுக்கென்றே செய்ததில் சீட் இருக்காது. 20 இஞ்ச், 26 இஞ்ச் என்று இரண்டு வகை. கையில் அது இல்லையென்றால் பழைய 26 இஞ்ச் எம்டிபி (மலை சைக்கிள்) போதும், ஆனால் அப்படியே ஓட்டக்கூடாது. முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் இல்லாத ரிஜிட் ஃபோர்க் போடுங்கள். குதிக்கக் கொடுக்கும் உந்தலை ஸ்பிரிங் விழுங்கிவிடும். சீட்டை அடிவரை இறக்குங்கள். பின்பக்க கியர் மாற்றியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கல்லில் இடித்து வளைந்து ஸ்போக்குக்குள் மாட்டும். முன்னால் 22 பல், பின்னால் 18 பல், நடுவில் செயின் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர். ஃப்ரீவீலில் காசு பார்க்காதீர்கள். சாதாரண ஃப்ரீவீல் பிடிக்குமுன் பெடல் ஏறக்குறைய 20 டிகிரி வெறுமனே சுற்றும். ஒரு சுற்றுக்கு 72 இடத்தில் பிடிக்கும் ஃப்ரீவீலில் அது 5 டிகிரிதான். பின்சக்கரத்தில் நின்று உதைக்கும்போது அந்த வெற்றுச் சுற்றுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

செயினை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 12 முழுக் கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தாலே மாற்றிவிடுங்கள். முழு பலத்தில் உதைக்கும்போது செயின் அறுந்தால் முட்டியோ பல்லோ ஹேண்டில்பார் ஸ்டெம்மில் போய் அடிக்கும். போட்டிக்கு முந்தைய நாள் புதுச் செயின் போடவும் கூடாது. இரண்டு வாரம் முன்பே போட்டு ஓட்டினால்தான் கண்ணிகள் படிந்து இழுவை சரியாக நிற்கும்.

டயர் காற்றில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 60 முதல் 65 கிலோ எடையுள்ளவருக்கு 2.5 இஞ்ச் பின் டயரில் 18 முதல் 20 பிஎஸ்ஐ, முன் டயரில் 25 அளவில் வையுங்கள். கடை கம்ப்ரசர் மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரியாகக் காட்டாது. சின்ன மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். காற்று கூடினால் டயர் பாறையைப் பற்றாமல் துள்ளும். குறைந்தால் கல் விளிம்பில் ரிம் இடித்து டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தால் முள் தேடாதீர்கள், அடுத்த தடவை 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

பழக்கம் எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் நின்ற இடத்தில் நிற்பதுதான்: பிரேக் பிடித்து ஒரு நிமிடம், பிறகு பிரேக் விட்டு. சலிப்பாக இருக்கும், ஆனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த இரண்டு வாரம் பின்சக்கரத்தில் துள்ளல். விடாமல் 20 வந்தபின் பெடல் கிக், அதாவது பெடலை உதைத்து முன்னே பாய்வது. முன்கால் பெடல் தரைக்கு இணையான நிலையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். முட்டியை மடக்கி, உடம்பை முன்னே விழவிட்டு, விழத் தொடங்கும் அந்த நொடியில் பின் பிரேக்கை விட்டு உதையுங்கள். பிரேக்கைச் சீக்கிரம் விட்டால் சைக்கிள் காலுக்கடியிலிருந்து முன்னே ஓடி ஆள் மல்லாக்க விழுவார். தாமதமாக விட்டால் சைக்கிள் நகரவே நகராது.

உயரத்துக்குக் கொத்தனாரிடம் சாலிட் பிளாக் கேளுங்கள். 16க்கு 8க்கு 8 இஞ்ச் என்பதால் ஒன்று 20 சென்டிமீட்டர், இரண்டு அடுக்கினால் 40. மூன்று நான்கை நெருக்கி வைக்காவிட்டால் உருண்டுவிடும். செங்கோட்டை மரக்கடைகளில் கழித்துப்போட்ட கட்டை கிடைக்கும். தென்னங்கட்டை இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுங்கள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து செக்‌ஷன் மட்டும்தான். ஐந்து தடையை வரிசையாக வைத்து, கயிறு கட்டி, போனில் 2 நிமிடம் ஓடவிட்டு, கால் தரையில் படுவதை ஒரு ஆள் சத்தமாக எண்ண வேண்டும். தனித்தனியாக எல்லா வித்தையும் தெரிந்தவருக்குக்கூட முதல் நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், முன்கை இறுகி பிரேக் விரல் மரத்துப்போகும். ஒவ்வொரு தடைக்கு முன்பும் இரண்டு மூச்சு நின்று விடப் பழகுங்கள். நின்ற இடத்தில் நிற்கப் பழகியது இதற்குத்தான். எண்ணுகிற ஆளை அவ்வப்போது மலையாளத்திலும் எண்ணச் சொல்லுங்கள்: ஒந்நு, ரண்டு, மூந்நு. மலைக்கு அந்தப்பக்கம் நடுவர் அப்படித்தான் எண்ணுவார். பதற்றத்தில் காது பிசகும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலில் பாறையின் குணமே வேறு. காய்ந்த பாறை டயரைக் கவ்விப் பிடிக்கும். அதே பாறையில் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடம் சோப்பு போட்டதுபோல வழுக்கும். அங்கே பெடலை மிதிக்காதீர்கள், உருட்டிக் கடங்கள். கேரளத்து வெட்டுகல் விளிம்பு உதிரும், அதனால் ஓரத்தில் சக்கரம் வைக்காமல் ஒரு சாண் உள்ளே வையுங்கள். செம்மண் சேற்றிலிருந்து பாறைக்கு வருமுன் இரண்டு துள்ளலில் டயரை உதறிவிடுங்கள். பழகும் இடம் காப்புக்காடாக இருக்கக்கூடாது. கைவிட்ட கல்குவாரியும் வேண்டாம், தேங்கிய தண்ணீரின் ஆழம் பார்த்தால் தெரியாது.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் ஓய்வு. வண்டியில் ஏற்ற முன்சக்கரத்தைக் கழற்றினால், டிஸ்க் பேட் நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். வழியில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் பேட் ஒட்டிக்கொண்டு, போன இடத்தில் சக்கரம் ஏறாது. ஸ்டெம், கிராங்க் போல்ட்டுகளை அங்கே மறுபடி முறுக்குங்கள். ஹெல்மெட், ஷின் கார்டு, தட்டை அடி ஷூ, இரண்டு டியூப், உதிரி பிரேக் பேட்.

செக்‌ஷனை நடந்துதான் பார்க்க விடுவார்கள், சைக்கிளோடு அல்ல. உங்கள் பிரிவுக்கு எந்த நிற அம்பு என்று கேட்டு, முதலில் கடைசி கேட்டிலிருந்து தொடக்கம் நோக்கித் திரும்பி நடங்கள். ஒரு தடையில் எங்கே இறங்கினால் அடுத்ததற்கு நேராக நிற்கலாம் என்பது அப்போதுதான் புலப்படும். முன்சக்கரம் வைக்கும் புள்ளிகளை மனப்பாடம் செய்யுங்கள். உங்களுக்கு முன் மூன்று பேர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அதற்குமேல் காத்திருந்தால் எல்லோர் டயரும் இழுத்து வந்த சேறு பாறையில் படிந்துவிடும். பல போட்டிகளில் மதிப்பெண் அட்டை ஓட்டுபவர் கையிலேயே இருக்கும். அதில் நடுவர் துளையிட்ட எண் சரியா என்று நடுவர் முன்பே பார்த்துவிட்டு நகருங்கள்.