நுவரெலியாவிலிருந்து கோத்தகிரிக்கு நான்கு போத்தல் இஞ்சி பியர்

1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன குடும்பங்களுள் என் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்து வேலையிலேயே அவருடைய காலம் கழிந்தது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், நத்தாருக்கு அம்மாயி லயத்தில் செய்துவைக்கும் இஞ்சி பியரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் இருக்கமாட்டார். அவரைப் பார்க்கப் போவதென்று முடிவானதும், அந்தப் பானத்தையே செய்து எடுத்துப்போக வேண்டும் என்று எண்ணினேன். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்தை அனுமதிக்கமாட்டார்கள் என்பதால், விமானத்தின் அடியில் ஏற்றப்படும் பெட்டிக்குள்தான் அதை வைக்க முடியும்.

அம்மாயியின் அளவுப்படி நான்கு லீற்றர் நீருக்கு 300 கிராம் இஞ்சி, 400 கிராம் சீனி, நான்கு தேசிக்காய், கால் தேக்கரண்டி ஈஸ்ட் போட வேண்டும். இஞ்சியைத் தோலோடு இடித்துக் கொதிக்கவைத்து, வடித்து, கைச்சூட்டுக்கு ஆறிய பிறகுதான் ஈஸ்ட் சேர்ப்பது வழக்கம். நுவரெலியாக் குளிரில் இது மெதுவாகவே நொதிக்கும். மூன்றாம் நாள் மேலே மெல்லிய நுரை படர்ந்ததும் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, ஒத்திகை பார்ப்பதற்காக இரண்டை நானுஓயாவில் ரயிலேற்றி கொழும்பை அடுத்த கடலோர வத்தளையில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றிரவு பத்து மணியளவில் சமையலறையில் ஒரு போத்தல் வெடித்தது. கண்ணாடித் துண்டொன்று அரிசி வாளியின் மூடியில் குத்தி நின்றது. அந்த நேரத்தில் பிள்ளைகள் அங்கே இல்லாததை நினைத்து இன்றும் நிம்மதியடைகிறேன்.

விமானம் உயரத்தில் பறக்கும்போது வெளி அமுக்கம் குறைந்து போத்தல் வெடித்துவிடுமோ என்பதுதான் அதுவரை என் அச்சமாக இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தபோது அந்த அச்சம் தவறான இடத்தில் இருந்தது தெரிந்தது. பயணிகள் விமானத்தின் உள் அமுக்கம், அதிகம் போனால் 2,400 மீற்றர் உயரமுள்ள மலையில் இருப்பதைப் போலக் குறையும். பெட்டிகள் வைக்கும் அறைக்கும் அதே அமுக்கந்தான். நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே அடைத்த போத்தலுக்கு விமானத்தின் உயரம் ஏறக்குறைய வீட்டு உயரமேதான். கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டாலும் கூடுதலாகச் சேரும் சுமை வளிமண்டல அமுக்கத்தில் கால்வாசியளவே. ஆனால் நன்றாகப் பொங்கும் ஒரு போத்தலுக்குள் 15 பாகை செல்சியஸில் வெளியை விடச் சுமார் இரண்டு மடங்கு வளிமண்டல அமுக்கம் கூடுதலாக இருக்குமென்றால், அதே போத்தல் 30 பாகை வெப்பத்தில் மூன்றரை மடங்கைத் தொட்டுவிடும். மலையிறங்கிக் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடைவதே விமானப் பயணத்தை விடப் பெரிய சோதனை.

அதைவிடவும் பெரிய விடயம் ஈஸ்ட். ஒரு லீற்றரில் 4 கிராம் சீனி முழுமையாக நொதித்தாலே, அந்தப் பானத்தின் கன அளவுக்குச் சமமான காபனீரொட்சைட்டு வாயு உண்டாகிவிடும். அம்மாயியின் பானத்திலோ லீற்றருக்கு 100 கிராம் சீனி. அதில் சிறு பங்கே நொதித்திருக்க, மிச்சமெல்லாம் இனிப்பாக நிற்கிறது. இங்கே குளிரில் சோம்பிக் கிடந்த ஈஸ்ட், வத்தளை வெக்கையில் விழித்துக்கொண்டு அந்த மிச்சத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. அம்மாயி காலத்தில் போத்தல்கள் ஒருபோதும் மலையை விட்டு இறங்கியதில்லை. அதனால் அவருக்கு இந்தத் தொல்லை வரவேயில்லை.

இரண்டாம் முறை கண்ணாடியைக் கைவிட்டு, சோடா வரும் ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்களை எடுத்தேன். அவை அமுக்கத்தைத் தாங்கவென்றே செய்யப்பட்டவை. விரலால் அழுத்தி உள்நிலையை அறியவும் முடியும். தண்ணீர் விற்கும் மெல்லிய போத்தல்கள் இதற்கு ஒருபோதும் உதவா. மூன்றாம் நாள் பாத்திரத்தை அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தேன். ஈஸ்ட் அடியில் வெண்சேறாகப் படிந்தது; மேலிருந்த தெளிவை மட்டும் குழாயால் இழுத்து, வாயோரம் மூன்று விரற்கடை வெற்றிடம் விட்டு அடைத்தேன். ஈஸ்டை முழுவதுமாக நீக்க முடியாது என்றாலும், அது குறைந்தால் பொங்கும் வேகமும் குறையும். வெளியில் ஒருநாள் வைத்து, போத்தல் இறுகத் தொடங்கியதும் மீண்டும் குளிரில் வைத்தேன். அதில் இரண்டைத் தம்பி தன் சமையலறை அலுமாரியில் 24 மணிநேரம் வைத்து, அவ்வப்போது பெருவிரலால் அழுத்திப் பார்த்துச் சொன்னான். கல்லைப் போல இறுகின, ஆனால் தாங்கின.

பயணத்துக்காக அதே முறையில் நான்கு போத்தல்களைப் புதிதாக அடைத்தேன். புறப்படும் அன்று விடியற்காலையில்தான் அவற்றைக் குளிரிலிருந்து எடுத்தேன். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, அதன்மேல் காற்றுப் புகாத இரண்டு பிளாஸ்டிக் பைகள், அதன்மேல் துவாய் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, மூடியுள்ள ஒரு பெரிய டப்பாவில் அசையாதபடி நிறுத்தி, அதைப் பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையில் புதைத்தேன். தேயிலைப் பொதிகளை மட்டும் வேறு பையில் வைத்தேன். தேயிலை எந்த வாசனையையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒரு கசிவில் இரண்டுமே வீணாகிவிடும். ஒவ்வொரு போத்தலிலும் ‘இஞ்சி பானம்’ என்றும், அதில் சேர்த்த பொருட்களின் பெயர்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். திருச்சியில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அலுவலர் அந்தத் தாளை வாசித்துவிட்டு மூடச் சொன்னார்.

கோத்தகிரியை அடைந்தபோது இரவு ஒன்பது மணி. டப்பாவைத் திறந்தால் மூன்று போத்தல்களின் பைகள் காய்ந்திருந்தன. நான்காவதன் உள்பையில் மட்டும் ஒரு தேக்கரண்டியளவு கசிந்திருந்தது, அதன் மூடியை நான் போதுமான அளவு திருகவில்லை. உடனே திறக்காமல் இரவு முழுவதும் குளிரில் வைத்தோம். மறுநாள் காலை மூடியைக் கொஞ்சம் திருகுவதும், சீறல் அடங்கும்வரை பிடித்திருப்பதுமாக ஐந்தாறு தடவையில் திறந்தேன். நுரை கழுத்துவரை ஏறி, வழியாமல் இறங்கியது. பெரியம்மா தம்ளரை மூக்கருகே வைத்து நெடுநேரம் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு மிடறு குடித்துவிட்டு, “தேசிக்காய் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். அது உண்மைதான், எங்கள் தோட்டத்துத் தேசிக்காய்க்குச் சாறு அதிகம்.

ஒரு போத்தலை மட்டும் நத்தாருக்கென்று எடுத்துவைத்துவிட்டார். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் ஈஸ்ட் முற்றாக ஓயாது என்பதால், வாரம் ஒருமுறை மூடியைத் திருகிக் காற்றுவிடும்படி பெரியம்மாவின் பேரனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.